டால்பின் குட்டி தூங்குகிறது என்று சொன்னேன்

அன்புள்ள நங்கையா,

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்த நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். நீங்கள் கண்மூடி நாற்பது நாளாகிறது. தெருவுக்குக் கேபிள் டிவி வந்துவிட்டது. அண்ணன் பார்ப்பதில்லை. குழம்பில் உப்பு இல்லையென்றாலும் அப்படியே சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்.

போன மாதம் நம் திருச்சபை இதழில் உங்களைப் பற்றி அவர் எழுதியிருந்தார். அதில் பாதி என்னைப் பற்றி. "மனமொடிந்து கிடந்த என் மனைவியைத் தேற்றியது என் தங்கையின் இளகிய உள்ளம்" என்று அச்சாகியிருக்கிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அதனால்தான் அதே இதழுக்கு இதை எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும்.

அது நடந்தது, உங்கள் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே இறந்துபோன வருஷம். நீங்கள் வாசலுக்குக்கூட வருவதில்லை. நான் வெள்ளகோவிலில் தமிழில் படித்துவிட்டு, கோயமுத்தூரில் உங்கள் வீட்டில் தங்கி பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தியேட்டரில் கடல் உயிர்களைப் பற்றிய இங்கிலீஷ் படம் ஒன்றைக் காலைக்காட்சியாகப் போட்டார்கள்.

"உங்க நங்கையாளைக் கூட்டிட்டுப் போ அம்மணி. நாலு சனத்தப் பாத்தா மனசு மாறும்" என்றார் அண்ணன்.

நீங்கள் கடலைப் பார்த்ததேயில்லை. திரை முழுக்க நீலம் விரிந்ததும் குளிர்ந்தது போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டீர்கள். ஆமை வந்தாலும் திருக்கை வந்தாலும், "என்னன்னு சொல்றான் கண்ணு?" என்று கேட்டீர்கள். பேசிய வெள்ளைக்காரர் வாயில் சோளப்பொரியை அடக்கிக்கொண்டு பேசுவது போலிருந்தது. பத்தில் ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. ஆங்கிலம் படிக்கிறவள் அதை எப்படி ஒத்துக்கொள்வது? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

அப்புறம் அந்த டால்பின் வந்தது. தன் குட்டியை மூக்கால் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கிக் கொண்டுபோனது.

"ஏங்கண்ணு, அந்தக் குட்டி அசையாமக் கெடக்குது?"

"தூங்குதுங்க நங்கையா. அம்மாக்காரி தாலாட்டுறா."

நீங்கள் சிரித்தீர்கள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு சயின்ஸ் டீச்சர் வந்தார். "அந்தப் படம் பாத்தீங்களா? செத்துப்போன குட்டிய உடாமத் தூக்கிட்டே போச்சே அந்த டால்பின், எனக்கு அழுகையே வந்துபோச்சுங்க" என்றார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த உங்கள் கை நின்றது.

அவர் போனதும் நீங்கள் அடுப்படிக்கு வந்து என் தலையைத் தடவினீர்கள்.

"எனக்கு வெசனமாயிருமுன்னுதான மாத்திச் சொல்லிப்போட்டே? இந்த வயசுல உனக்கு எத்தன எரக்கம் கண்ணு!"

அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியலைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தலையாட்டினேன்.

நான் விரும்பியவரைக் கட்டிவைக்க அண்ணன் மறுத்தபோது நீங்கள்தான் மன்றாடினீர்கள். "அடுத்தவங்க நோவு தெரிஞ்ச புள்ளைங்க அது. தப்பான ஆளத் தேடிக்காதுங்க" என்றீர்கள். அந்தப் பேச்சால்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது. காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நர்சம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்னீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றாவது சொல்லியிருக்கலாமா? அந்த ஆறுதலையும் பிடுங்குவானேன் என்று நினைத்தது உங்களுக்காகவா, எனக்காகவா?

எல்லாவற்றையும்விடக் கேவலமானதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தியேட்டர் இருட்டில் உங்கள் குழந்தையின் நினைப்பே எனக்கு வரவில்லை.

நேற்று அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று மட்டும் கேட்டார். உங்களுக்குத் தெரிந்திருந்ததா நங்கையா?

இனி யார் அந்தக் கதையை எடுத்தாலும் பாதியில் நிறுத்தி, நடந்ததைச் சொல்வேன். அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

நல்லவள் என்று நீங்கள் நம்பிவிட்ட உங்கள் நாத்தனார்,
ரூபி