பந்து ஏறாத மெஷின்

மாசி, செவ்வாய்.

புதுச்சத்திரம் பக்கத்தில் இருக்கும் கோல்ஃப் பயிற்சித் திடலுக்குக் காலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கப் போனேன். அடித்த பந்து போனதும் அடுத்த பந்தைத் தானாக மேலே ஏற்றி வைக்கும் மெஷின், சாயங்காலமானால் நின்றுவிடுகிறதாம். எனக்குக் கோழிப்பண்ணை மெஷின்தான் பழக்கம். அங்கே முட்டை பெல்ட் நின்றால், கழுவிய தண்ணீர் சென்சாருக்குள் போயிருக்கும். அதே நினைப்பில், திறந்துகூடப் பார்க்காமல் திடல் முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"தண்ணி போயிருக்குதுங்க. புல்லுக்கு ஹோஸ் புடிக்கிறவங்க பாத்துப் புடிக்கோணும்."

புல்லுக்குத் தண்ணீர் விடும் பாப்பாத்தி அக்காவை அவர் எல்லார் முன்னாலும் திட்டினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

"நான் அந்தப் பக்கமே தண்ணி உடலீங்க சாமி." அக்கா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிறகு மெஷினைத் திறந்தால் உள்ளே ஈரமே இல்லை. சென்சாரைத் துடைத்து மாட்டினேன், ஓடியது. ஐந்து மணிக்கு மறுபடி நின்றது. வீட்டுக்குக் கிளம்பிய அக்கா மெஷினைக் கடந்து போனார். அவர் நிழல் விழுந்ததும் பந்து ஏறியது. மேற்கு வெயில் நேராகச் சென்சாரில் அடிப்பதால், பந்து மேலே இருப்பதாகவே அது எடுத்துக்கொண்டிருக்கிறது. கோழிக் கொட்டகைக்குள் ஏது வெயில்? எனக்குத் தோன்றவே இல்லை.

தகரம் வெட்டி மறைப்பு வைத்தேன்.

"என்னங்க கோளாறு?" என்றார் முதலாளி.

"சரியாயிருச்சுங்க" என்றேன்.

வெயில் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், காலையில் அடித்துச் சொன்னது தப்பு என்றாகிவிடும். அக்கா ஹோஸைச் சுருட்டி, ஒரு சொட்டும் மெஷின் பக்கம் வடியாதபடி தூரத்து வேலியில் மாட்டிவிட்டுத்தான் போயிருந்தார்.