ஆமெனுக்குப் பிறகு ஒரு வரி

ஜூன் 2, செவ்வாய்

போதகரை நான் வாசலோடு விரட்டவில்லை. கோவிலில் பூ அலங்காரம் செய்கிறவள் முதல் மருந்துக்கடைக்காரர் வரை ஆளுக்கொரு விதமாகப் பேசுவதால், இங்கேயாவது நடந்ததைச் சரியாக எழுதி வைக்கிறேன். மே பன்னிரண்டாம் தேதி, என் கணவர் சாகக் கிடந்த அன்று, மதியம் மூன்று பத்துக்குப் போதகர் வந்தார். அழைத்தது என் நாத்தனார். அவர்கள் குடும்பம் அந்தப் புராட்டஸ்டண்ட் சபை, நான் கத்தோலிக்கம். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி போட்டேன். காபி கொடுத்தேன். "நாலு மணிக்கு எங்க சாமியார் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுக்க வர்றார். நீங்க அஞ்சு மணிக்கு வாங்க" என்றேன். நான்கு நாற்பதுக்கு என் கணவர் போய்விட்டார். போதகர் நான் சொன்னபடியே ஐந்து மணிக்கு வந்தார்.

இதில் விரட்டல் எங்கே இருக்கிறது?

ஜூன் 4, வியாழன்

நாத்தனார் வந்தாள், தன் அண்ணனுடைய பழைய வேதாகமத்தை வாங்கிப் போக. மேசைமேல் பூசைக் கருத்துகள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டாள். அவருடைய ஆன்மாவுக்காக முப்பது நாள், முப்பது பூசை.

"அண்ணி, எங்கண்ணன் போன நிமிஷமே கர்த்தர்கிட்ட போயிட்டார். நீங்க எதுக்கு அவரை இன்னும் வெயிட்டிங் ரூம்ல உட்கார வச்சிருக்கீங்க?"

"உத்தரிக்கிற ஸ்தலம் வெயிட்டிங் ரூம் இல்ல. ஆன்மா சுத்தமாகிற இடம். தெரியாததைப் பேசாதே."

"எங்கண்ணன்ல சுத்தம் பண்ண இன்னும் என்ன மிச்சம்? அதான் நாப்பத்திநாலு வருஷமா தினம் நீங்களே தேய்ச்சுக் கழுவிட்டீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

அவள் போன பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படித்தது சரியென்றால், அவருக்கு நான் இன்னும் தேவை. அவள் சொல்வது சரியென்றால் அவர் கரை சேர்ந்துவிட்டார். எனக்கு இனி வேலை இல்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டாம், சட்டைப் பொத்தான் தைக்க வேண்டாம், ஜெபிக்கவும் வேண்டாம். கன்னியர் பள்ளியில் மறைக்கல்வியில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஜூன் 5, வெள்ளி

அன்று போதகருக்குக் காபி கொடுக்கவில்லை. தண்ணீர்தான். அதையும் அவர் நின்றுகொண்டே குடித்தார்.

ஜூன் 9, செவ்வாய்

மாலை ஜெபம் தனியாக. நாங்கள் பரலோக மந்திரம் என்போம், அவர்கள் பரமண்டல ஜெபம் என்பார்கள்; ஒரே ஜெபம்தான். ஆனால் நாங்கள் ஆமென் சொல்லி முடிக்கிற இடத்தில் அவர்கள் முடிப்பதில்லை. ராஜ்யமும் வல்லமையும் என்று இன்னும் ஒரு வரி போகும்.

கல்யாணத்துக்கு நான் போட்ட ஒரே நிபந்தனை, அவர் என் கோவிலுக்கு வர வேண்டும் என்பது. வந்தார். இரண்டு கோவில்களும் ஒரே தெரு. ஒவ்வொரு ஞாயிறும் தான் பிறந்து வளர்ந்த சபையைத் தலை திருப்பாமல் தாண்டி என்னோடு நடந்தார். ஆனால் தினமும் என் ஆமெனுக்குப் பிறகு அவர் உதடு மட்டும் கொஞ்சநேரம் அசையும்.

"ஆமென் சொன்னப்புறம் என்ன முணுமுணுப்பு?"

"தொண்டை கரகரன்னுது."

நாற்பத்திநாலு வருஷக் கரகரப்பு!

இன்று ஆமென் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எதற்கு? குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான் கேட்டது.

ஜூன் 12, வெள்ளி

அவர் போய் ஒரு மாதம். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அந்த வரியைப் பற்றிக் கேட்டேன்.

"என்னம்மா, இத்தனை வருஷம் பூசைக்கு வர்றீங்க. நாமளும்தான் அதைச் சொல்றோம். நடுவுல நான் ஒரு ஜெபம் சொல்றேன், அதுக்கப்புறம் நீங்க எல்லாரும் சொல்றீங்க. வார்த்தை கொஞ்சம் வேற, அவ்வளவுதான். அவங்க உடனே சொல்றாங்க, நாம கொஞ்சம் பொறுத்து."

எனக்குத் தெரியாததா? ஞாயிறுதோறும் என் வாயாலேயே சொல்கிறேன். என் கணவர் முணுமுணுத்ததும் அதுதான் என்று ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களுக்கு ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பார்: "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" ஒருமுறை நான், ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு என்று எரிந்து விழுந்தேன். "அப்படின்னா கண்டுபிடிச்சாச்சு. அதோட நிறுத்திக்கணும்" என்றார்.

நான் நிறுத்திக்கொண்டதே இல்லை.

ஜூன் 13, சனி

தூக்கமில்லை. இதையும் எழுதிவிட வேண்டும்.

நாத்தனார் தானாகப் போதகரை அழைக்கவில்லை. அன்று காலை என் கணவர் முதலில் கேட்டது என்னைத்தான். "எங்க போதகரைக் கொஞ்சம் கூப்பிடுறியா?" என்றார். எங்க! இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நம்ம இல்லை, எங்க. அந்த ஒரு சொல்லில் என்னை வெளியே நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். "பார்க்கலாம்" என்றேன். பார்க்கவில்லை. பிறகுதான் தங்கையிடம் கேட்டிருக்கிறார்.

நான் மட்டும் என்ன சொன்னேன்? போதகரிடம் எங்க சாமியார் என்றுதானே சொன்னேன். படுக்கையில் கிடந்தவரை நானும் அந்தச் சொல்லில் சேர்க்கவில்லையே. ஐயோ, சாகப்போகிற மனுஷன்கிட்ட போய் இலக்கணம் பார்த்தேனே.

வாசலோடு விரட்டவில்லை என்று எழுதியிருந்தேன். வாசல் வரை இல்லை, கூடம் வரை விட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூன் 16, செவ்வாய்

இன்று காலை நாத்தனாருக்குத் தபாலில் சேர்த்த கடிதத்தின் படி:

அன்புள்ள குட்டிக்கு,

அவர் உன்னை அழைத்த பெயரை இன்று நான் எடுத்துக்கொள்கிறேன். போதகரைப் பற்றி ஊர் சொல்வது பெரும்பாலும் உண்மை. அவரிடம் நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். இந்த முறை அவர் உட்கார்ந்தார்.

முப்பது பூசையும் நடக்கும். அதை நிறுத்தச் சொல்லாதே. அவருக்கு அது தேவையில்லை என்றே இருக்கட்டும். எனக்கு வேண்டும்.

கேட்பது ஒன்றுதான். அன்று சாமியார் எண்ணெய் பூசிப் பரலோக மந்திரம் சொன்னார். நான் ஆமென் சொன்னதும் நீ குனிந்து உன் அண்ணன் காதில் ஏதோ சொன்னாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வரியைத்தான் சொன்னாயா? அவரும் கூடச் சொன்னாரா? வாய்விட்டுச் சொன்னாரா? முழுதும் சொல்லி முடித்தாரா?

போனில் சொல்லாதே. போனில் நான் குறுக்கே பேசி உன்னைத் திருத்திக்கொண்டே இருப்பேன். ஒரு தாளில் எழுதி அனுப்பு. பிழை இருந்தாலும் திருத்த மாட்டேன்.