கோரஸுக்கு விட்ட இடம்

9-4-1974
மயில்சாமியின் ரேடியோக் கடையிலிருந்து டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி வந்துவிட்டேன். தூக்கி வந்ததில் தோள் கழன்றே போனது. சிலோன் ரேடியோவில் கேட்டுக் கேட்டு நானும் அமராவதியும் மனப்பாடம் செய்த அந்த இங்கிலீஷ் ராக் பாட்டை வீட்டிலேயே பாடிப் பிடிக்கப் போகிறோம். கிட்டாரும் பாட்டும் நான். கோரஸ் அவள்.

அவள் அடுத்த வீட்டு ஆத்தப்பனின் மகள். அவர்கள் சாதி வேறு, நாங்கள் வேறு. பெண் கேட்டால் கிடைக்காது. குரலையாவது வைத்துக்கொள்கிறேன்.

11-4-1974
தனியாகப் பாடிப் பிடித்துப் பார்த்தேன். போட்டுக் கேட்டால் தறிதான் பாடுகிறது! இரண்டு வீட்டிலும் விசைத்தறி. கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் ரிக்கார்டரும் நின்றுவிடும். சோமனூரில் பிறந்தவன் எங்கே போய்ப் பாடுவது?

12-4-1974
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அமராவதி: "ஏனுங்க, அமாவாசைக்குத் தறி ஓடாதுங்கல்ல? அன்னிக்குப் புடிச்சுக்கலாமுங்க."

எனக்கு ஏன் தோன்றவில்லை? மடையன்.

15-4-1974
இந்த அமாவாசை வரவே மாட்டேன் என்கிறது.

22-4-1974, அமாவாசை
தறி ஓடவில்லை. மைக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவர்கள் வாசலில் கார். சேவூரிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். அமாவாசை எனக்கு மட்டுமா லீவு? ஊருக்கே லீவு, நல்ல நாள் வேறு. இதை யோசித்தேனா?

"ஒரு பாட்டுப் பாடு கண்ணு" என்று ஒரு பெரியவர் கேட்டது இங்கே வரை வந்தது. முருகன் பாட்டுத்தான் பாடுவாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தது எங்கள் கோரஸ்! ஆத்தப்பன் இருமினார். நான் குதிக்காத குறை. காரைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் இருந்தேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "எனக்கு ரொம்பப் புடிச்ச பாட்டுங்க. பொண்ணையும் புடிச்சிருக்குதுங்க."

ரிக்கார்டரை ஆன் செய்யக்கூட மறந்து நின்றிருக்கிறேன்.

23-4-1974
"எந்திரிச்சுப் போயிருவாங்கன்னுதானுங்க பாடினேன்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏண்டா சொல்லலை? வாயில என்ன கொழுக்கட்டையா?

21-5-1974, அமாவாசை
கல்யாணப் பெண்ணை வெளியே விட மாட்டார்கள். நானே பாடிப் பிடித்தேன். கோரஸ் வருமிடத்தில் வாயை மூடிக்கொண்டு கிட்டார் மட்டும். அந்த இடத்தில் நான் பாட மாட்டேன்.

30-5-1974
சேவூரில் கல்யாணம். போனேன். பாயசம் நன்றாக இருந்தது.

3-8-1974, ஆடிப்பெருக்கு
ஆடி அழைப்புக்கு இருவரும் வந்திருக்கிறார்கள். அவள் மாப்பிள்ளை மணியன், பாட்டைக் கேட்க வேண்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். மயில்சாமிக்கு இன்னும் திருப்பித் தராத ரிக்கார்டரில் போட்டுக் காட்டினேன்.

கோரஸ் வந்ததும், "இங்க ஏனுங்க யாருமே பாடலை?" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற அமராவதி பாடினாள். சரியாக எடுத்தாள், சரியாக விட்டாள். அடுத்த கோரஸையும் பாடினாள். மணியன் தொடையில் தாளம் போட்டார். நான் ரிக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அவர், தங்கள் வீட்டிலும் ரிக்கார்டர் இருக்கிறது என்று டேப்பைக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அவள் அங்கே பாடும்போது என் கிட்டார் கூட வருமே.