மூன்று மணி போன்

இன்று காலை ஒரு பழைய கடவுச்சொல்லைச் சும்மா அடித்துப் பார்த்தேன். திறந்துகொண்டது. நம் வகுப்பு வலைப்பூ அப்படியே இருக்கிறது. வெளியிடாத பதிவு ஒன்று, உன் பெயரில். ‘மூன்று மணி போன்’ என்று தலைப்பு மட்டும். கீழே ஒரு வரிகூட இல்லை. அழித்துவிட்டேன் என்றல்லவா என்னிடம் சொன்னாய்?

வலைப்பூ என்ற சொல்லே புதிதாக இருந்த வருடம் அது. வாரம் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பதிவு எழுத வேண்டும், மதிப்பெண் உண்டு. கல்லூரி ஒரு மணிக்கே விட்டுவிடும். நம் முறை வந்தபோது ஜோகுபாளையத்தில் உன் வீட்டில் உட்கார்ந்து தலைப்பு தேடினோம். நான் டிராஃபிக் என்றேன். ஏரியில் செத்து மிதக்கும் மீன் என்றேன். எல்லாவற்றையும் அடித்துப் போட்டாய்.

“அத ஊரே எழுதுது டி. நமக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு வேணும்.”

அப்போது உங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மணி மூன்று. நீ எடுக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாய். “இன்னா பாக்கற? எடு. இதான் தலைப்பு.”

எடுத்தேன். வயதான பெண்குரல், அவசரமே இல்லாமல்: “ஸ்டெல்லா இருக்காளா? அவ அம்மா பேசறேன்.”

அந்த எண் உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து தினமும் இதே நேரம், இதே கேள்வி என்றாய். ராங் நம்பர் என்று சொன்னால் வைத்துவிடுவார். மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி அடிக்கும். ரிசீவரை என்னிடமிருந்து வாங்கி, “உங்க வீடு எங்கம்மா?” என்று கேட்டாய். காக்ஸ் டவுன், சர்ச்சுக்குப் பின்னால், பச்சை கேட் என்று அவர் தயங்காமல் சொன்னார்.

சனிக்கிழமை போனோம். கதவைத் திறந்தவர் அந்த அம்மாவின் கணவர். நீ விஷயத்தைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அது எம்பொண்ணு வேலை பார்த்த ஆபீஸ் நம்பரும்மா. ஆபீஸ மூடிட்டாங்க. அதுக்கு முன்னாடியே அவ போயிட்டா. பஸ் இடிச்சிடுச்சு. மத்தியானம் மூணு மணிக்கு, சாப்பிட்டியான்னு இவ தினம் போன் பண்ணிக் கேப்பா. இன்னும் விடல.”

நாற்காலியில் இஸ்திரி போட்ட புடவை ஒன்று மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் கைப்பை. தூசியில்லை. கிளம்பலாம் என்று உன் கையை இழுத்தேன். நீ நகரவில்லை. “இதப் பத்தி எழுதலாமா அங்கிள்?” என்று கேட்டாய்.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. “ஸ்டெல்லா? வந்துட்டியா?”

உன்னுடைய பேச்சைக் கேட்டுத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். பெரியவரின் முகம் வெளுத்துப்போனது. “கொரலு அப்படியே…” என்றார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. “வந்துட்டேம்மா” என்றாய்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது உன்னைத் திட்டினேன். செத்தவர்கள் பெயருக்கு நாம் பதில் சொல்லலாமா என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “இத எழுதக் கூடாது டி. எழுதினா வேடிக்கையாயிடும்” என்றாய். வலைப்பூவில் போட்டுவைத்த தலைப்பை அழித்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னாய். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி எழுதிக் கொடுத்தோம். ஆறு மதிப்பெண் வந்தது. அதற்குப் பிறகு மூன்று மணி அழைப்பைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குப் பயம்.

இரண்டு வருடம் கழித்து உனக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆறே நாள்.

காரியம் முடிந்த மறுநாள் உன் அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. உன் அம்மா அசையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய் எடுத்தேன். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று, “ஸ்டெல்லா இல்லம்மா” என்றேன்.

“அது தெரியும் கண்ணு,” என்றது குரல். “அவ போயி எத்தினி வருசமாச்சு. நான் அந்தப் பொண்ணத்தான் கேக்கறேன். தினம் என்னோட பேசுமே, ஜோகுபாளையத்துப் பொண்ணு. மூணு வாரமா யாருமே எடுக்கல.”

கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம், தினமும், என்ன பேசினீர்கள் நீங்கள் இருவரும்? யார் யாருக்குப் பதில் சொன்னீர்கள்?

“ஊருக்குப் போயிருக்காம்மா,” என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை.

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது. என்னை நம்பவில்லை என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. பிறகு, “சரிம்மா. நான் விசாரிச்சேன்னு சொல்லு” என்று வைத்துவிட்டார். அதன்பின் அந்த வீட்டுக்கு அந்த அழைப்பு வரவேயில்லை என்று உன் அம்மா சொன்னார்.

இத்தனை வருடம் அதை உன்னிடம் எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். விசாரித்தார்கள் டி, உன்னை.