ரோஸ்மில்க் கண்ணாடிக்கு வைத்த பொட்டு

புரட்டாசி 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கொண்டைக்கடலை ஊறப் போட்டாச்சு. நாளைக்குச் சரஸ்வதி பூசை. பொரி, அவல் இன்னும் வாங்கவில்லை.

பேத்தி கார்த்திகா கிருஷ்ணன்கோவில் காலேஜிலிருந்து வந்துவிட்டாள். ஆராய்ச்சிப் படிப்பு. நம் வீட்டில் முதல் ஆள். (பக்கத்துத் தெருவுக்கும் சொல்லியாச்சு.) கையில் சின்ன டப்பா. உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு, மேலே ரோஸ்மில்க் தடவின மாதிரி. சாயம் கலந்த பிளாஸ்டிக் படலமாம். தலைமுடியை விட மெலிசு. வெயில் பட்டால் வெளுத்துவிடுமாம். லேசருக்கு ஆகுமா என்று காலேஜில் அளந்து பார்க்கவேண்டுமாம்.

"நல்லா வந்தது இது ஒண்ணுதான் அப்பத்தா. வெள்ளிக்கிழமை அளக்குற மெஷின் என் முறை. விட்டா தீபாவளிக்குப் பொறவுதான்."

அதில் பச்சை வெளிச்சத்தைக் கோடாக அடிப்பார்களாம். ஒரு துளி வெளிச்சம் கிளம்பினால், போகிற வழியில் பக்கத்துச் சாயத்தையும் கிளப்பிவிடுமாம். அதே நிறம், அதே தாளம். கோடு நீண்டால் கண்ணாடி ஓரத்தில் வெளிச்சம் மடங்கு மடங்காக ஏறணும், அப்போதான் லேசருக்கு ஆகுமாம்.

"ஏட்டி, குலவை மாதிரியா?"

"ஆமா. ஒருத்தி போட்டா அடுத்தவளும் சேந்துக்கிடுவால்ல, அப்படித்தான்."

புரட்டாசி 15, புதன்

பூசை. புத்தகம், அரிவாள்மனை, மகனின் ஸ்பானர், தையல் மெஷின். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கார்த்திகா குளிக்கப் போயிருந்தாள். அவள் தொழில் சாமான் மட்டும் சும்மா இருப்பதா? டப்பாவைத் திறந்து கண்ணாடிக்கும் ஒரு பொட்டு. வெயில் படாமல் பட்டுத்துணியால் மூடினேன். அம்புட்டு விவரம் எனக்கும் உண்டு.

வந்து பார்த்தவள் அலறிவிட்டாள். "அப்பத்தா! படலத்து மேலயே வச்சிருக்கியே! டப்பா மூடியில வச்சா ஆகாதா?"

மகன் வேறு: "டிவிக்குப் பொட்டு வச்சா திரையிலயாம்மா வைப்ப?"

துடைக்கப் போனேன். கீறல் விழும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பூசையில் வைத்ததை இன்றைக்கு எடுக்கவும் கூடாது. என் பங்குச் சுண்டலை அப்படியே மூடி வைத்தேன்.

புரட்டாசி 16, வியாழன்

மறுபூசை முடிந்து அவளே கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்திவிட்டு. பொட்டு ஒரு மூலையில்தான். "எதிர் ஓரம் சுத்தமா இருக்கு. அங்கன அடிச்சுப் பாக்கேன்." முகம் தெளியவில்லை.

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். பால்கோவா கால் கிலோ, அவளுக்கு. தின்றாள். பேசினாள். அப்பாடா.

புரட்டாசி 17, வெள்ளி

நல்ல வெயில். காலை பஸ்ஸில் போய்விட்டாள். போன் என் கையிலேயே. தோசை ஒன்று கருகல்.

மத்தியானம் அடித்தது.

"அப்பத்தா, கோடு நீள நீள வெளிச்சம் எகிறுது! சார் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்லுதாரு!"

"பொட்டு?"

"அது பாட்டுக்கு மூலையில இருக்கு."

வாசலில் நின்றே குலவை போட்டுவிட்டேன். எதிர்வீட்டுச் சுப்பம்மா மாவுக் கையோடு வெளியே வந்து சேர்ந்துகொண்டாள். குழாயடியில் நின்ற பெண்களும். தெருக்கோடி வரைக்கும் ஒரே சத்தம். எல்லாம் ஓய்ந்த பிறகுதான் சுப்பம்மா கேட்டாள்: "எதுக்குக்கா போட்டோம்?"