தங்க நிறக் கூந்தலுக்கு ஆசைப்பட்டு

மார்ச் 9, திங்கள்
ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார். தலைமையாசிரியை. போனில் கேட்டாலே முதுகு நிமிர்ந்துவிடும் குரல். என் சுருட்டை முடியைப் போன வருஷமே மருந்து போட்டு நேராக்கியாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். நேரான முடி தங்க நிறமாகவும் இருந்தால்? ப்ளீச் டப்பா வாங்கிவிட்டேன்.

மார்ச் 11, புதன்
மகள் டப்பாவைப் பார்த்துவிட்டாள். "நேராக்குன முடியில இதப் போட்டா அறுந்து போயிடும்மா. முதல்ல ஒரு கொத்துல போட்டுப் பாரு." சரி என்றேன். அவள் நம்பவில்லை.

மார்ச் 13, வெள்ளி
ஒரு கொத்தாவது ஒன்றாவது. தலை முழுக்கப் போட்டேன்.
கறுப்பு பழுப்பானது, பழுப்பு ஆரஞ்சானது. மண்டை எரிந்தது. அலசும்போது முடி சூயிங்கம் மாதிரி நீண்டது — அப்புறம் கையோடு வந்தது. கொத்துக் கொத்தாக.
அய்யோ, நாளன்னைக்கு வர்றாங்களே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவத் திறப்பேன்?
குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மகள் எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். முடியவில்லை. கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 14, சனி
ஒரு பக்கம் தோள்வரை, மறுபக்கம் துடைப்பம். என் கணவர் தையல்காரர். துணி வெட்டும் கத்திரியால் நான் காகிதம் வெட்டினாலே வீடு ரெண்டாகும். இன்று அவரே அதை எடுத்து வந்தார். "உக்காரு. ஆடாத." பின்கழுத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தார். "உன் ரெண்டு காதும் ஒரே மட்டத்துல இல்லடி. இத்தன வருஷமாத் தெரியாமப் போச்சே!"
வேரில் புதிதாக வளர்ந்த சுருட்டை மட்டும் மிஞ்சியது. ஆரஞ்சு நிறத்தில்.

மார்ச் 15, ஞாயிறு
வாசல் மணி அடித்ததும் மகள் ஒரு துண்டை நீட்டினாள், தலையில் சுற்றிக்கொள்ள. வேண்டாம் என்றுவிட்டேன்.
சாப்பிடும்போதெல்லாம் சம்பந்தியம்மாவின் பார்வை என் தலையிலேயே இருந்தது. கடைசியில், "எந்தப் பார்லர்ல வெட்டினீங்க?" இவருக்குப் புரையேறிவிட்டது.
ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு மெதுவாக, "எனக்கும் டை அடிச்சு அடிச்சு அலுத்துப் போச்சுங்க. விட்டுட்டா எல்லாரும் என்ன சொல்வாங்களோன்னு பயம்."
அந்தக் குரலுக்குள்ளும் பயமா?

மார்ச் 16, திங்கள்
கல்யாணப் பேச்சு அப்படியே இருக்கிறது. அப்பாடா.

மே 23, சனி
மத்தியானம் சம்பந்தியம்மா தனியாக வந்தார். வகிடெல்லாம் வெள்ளை, டை அடிப்பதை நிறுத்திவிட்டாராம். கறுத்த முடியை நான்தான் வெட்டிவிட வேண்டுமாம்.
"எனக்கு வெட்டத் தெரியாதுங்க."
"தெரிஞ்சா ப்ளீச் போட்டீங்க?"
சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, பழைய போர்வையைப் போர்த்தினேன். காதுவரை வெட்டியதும் கை நின்றுவிட்டது.
"இன்னும் மேல வெட்டட்டுமாங்க?"
கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "வெட்டுடி. அப்படியே அந்த 'ங்க'வையும் சேர்த்து வெட்டிடு."