கோப்ரலாக இருந்து பைப்பரானவர்

உன் பெயருக்கு பிரித்தானியாவிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. உன் அம்மா எந்த உறையையும் திறந்துவிடுவார் என்று ரூஜ் பகுதியில் இருக்கும் என் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தாய். நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம். பிரிக்க மனமில்லாமல் இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன்.

பார்க்டேலில் ஒரு பழைய சாமான் சந்தையில் அந்த இரண்டு பதக்கங்களையும் நீதான் கண்டெடுத்தாய். நான் பதக்கத்தில் இருந்த அரசரின் முகத்தைப் பார்த்தேன். நீ விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினாய். பதக்கம் பெற்றவரின் பெயரை விளிம்பில் பொறிப்பார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவொன்று, இரண்டிலும் ஒரே இலக்கம், ஒரே பெயர். போர்ப் பதக்கத்தில் அவர் கோப்ரல், சிப்பாய்க்கு மேற்பட்ட பதவி. பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீண்டகால நன்னடத்தைப் பதக்கத்தில் வெறும் பைப்பர், பைக்குழல் ஊதும் சிப்பாய். இங்கே ஒரு படைப்பிரிவின் இசைக்குழுவில் பைக்குழல் ஊதிய உனக்கு அவரைப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு சொல் போதும்.

"இவர் ஏன் கீழ இறங்கினவர்?" என்று ஸ்ட்ரீட்காரில் கேட்டாய்.

"குடிச்சிருப்பார். பதவியைப் பறிச்சிருப்பினம்."

"எடி விசரி, குடிச்சுத் திரிஞ்சவனுக்கு நன்னடத்தைக்கு மெடல் குடுப்பினமோ?"

 அதன்பின் சனிக்கிழமைகளில் நூலகத்தில் பைப்பர்களைத் தேடினோம். சண்டைக்கு முன்னால் ஊதிக்கொண்டு போனவர்கள், சண்டை முடிய காயப்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள் என்று வாசித்தபோது நீ அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தாய். கடைசியில் அந்தக் கோப்ரலின் சேவைப் பதிவேட்டின் பிரதி கேட்டுப் பிரித்தானியாவுக்கு எழுதிப் போட்டாய்.

அதே ஆண்டுதான் அலுவலகத்தில் மனேஜர் பொறுப்பை விட்டு உன் பழைய கதிரைக்குத் திரும்பினாய். ஊத மாலை நேரங்கள் வேண்டும் என்றாய். "உனக்குப் பயம், அதுதான் இறங்கிறாய்" என்றேன். நீ பைக்குழலின் நாணல் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாய், நிமிரவில்லை. அதன்பின் நாம் கோப்ரலைப் பற்றி மட்டுமே பேசினோம். 'பயம்' என்ற அந்தச் சொல்லை நான் திருப்பி எடுப்பதற்குள் நீ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாய், திரும்பி வரவில்லை.

உறையைப் பிரித்தேன். கோப்ரலின் பதிவேட்டுப் பிரதி: உயரம், கண்ணின் நிறம், இரண்டு முறை காய்ச்சல். தண்டனை ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு வரி: சொந்த வேண்டுகோளின்படி பைப்பராக மாற்றம். காரணம் எழுதவேண்டிய கட்டம் வெறுமை. தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

நேற்று அதை உன் அம்மாவிடம் கொண்டுபோனேன். உன் படத்தடியில் இருந்த பதக்கங்களை விபூதி போட்டு மினுக்கப் போனார். எழுத்துத் தேய்ந்துவிடும் என்று தடுத்தேன்.

"அந்த மனுசன் ஏன் பிள்ளை இறங்கினவர்?"

"அவருக்கு விருப்பம், அன்ரி."

உன் படத்தைப் பார்த்தார். 

ஏன் இறங்கினார் என்பது இப்போது என் கேள்வி இல்லை. பதவியைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை அவர் எந்த மெட்டை ஊதியிருப்பார் என்பதே என்னைக் குடைகிறது. அதைச் சொல்ல ஒரு பதிவேடும் இல்லை. நீ பழைய கதிரைக்குத் திரும்பிய முதல் நாள், வேளைக்கே வீட்டுக்கு வந்து, "வா, ஊதப்போறன்" என்று என்னைப் போனில் கூப்பிட்டாய்.

நான் வரவில்லை.